சீட்டுக் கட்டிலிருந்து பிறந்த கணக்கு

சீட்டாட்டம் என்ற பேச்சை எடுத்தாலே நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்தக் காலத்தில் முகம் சுளித்துவிடும். அதில் நியாயமும் இருந்தது. திருக்குறளில் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு, 94-ஆவது. அதற்கு முந்தையது கள்ளுண்ணாமை, பிந்தையது மருந்து. வள்ளுவர் எந்த வரிசையில் வைத்திருக்கிறார் பாருங்கள்!

ஆனால் ஆயுள் காப்பீட்டுத் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் பிரீமியக் கணக்கோடு குடித்தனம் நடத்தியவன் என்ற முறையில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் பாலிசிக்கும் பென்ஷனுக்கும் அடிப்படையாக இருக்கும் நிகழ்தகவுக் கணக்கு, கோயிலிலோ கல்லூரியிலோ பிறந்தது அல்ல. சூதாட்ட மேஜையில் பிறந்தது. அந்தக் கதையையும், இன்று உலகமெங்கும் ஆடப்படும் போக்கர் என்ற சீட்டாட்டம் முடிவெடுக்கும் கலையைப் பற்றி என்ன சொல்கிறது என்பதையும் இன்று எழுதலாம் என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் படிக்கும் என் உறவுக்காரப் பையன் ஒருவன், "தாத்தா, இங்கே ரூமில் எல்லாரும் போக்கர் ஆடுகிறார்கள். அது அதிர்ஷ்டமா, கணக்கா?" என்று கேட்டிருந்தான். ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை அது.

நம்முடைய பழங்கதையிலிருந்தே ஆரம்பிக்கலாம். நளன் கதை எல்லோருக்கும் தெரியும். சூதில் நாட்டை இழந்தான், காட்டில் மனைவியைப் பிரிந்தான், உருமாறி இருதுபன்னன் என்ற அரசனுக்குத் தேரோட்டியானான். மகாபாரதத்தின் வன பர்வத்தில் வரும் இந்தக் கதையில் பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகிற ஓர் இடம் உண்டு. தேரில் போகும் வழியில் ஒரு தான்றி மரத்தைப் பார்த்து, அதன் கிளைகளில் இத்தனை இலை, இத்தனை காய் என்று இருதுபன்னன் சொல்லிவிடுகிறான். நளன் நம்பவில்லை. தேரை நிறுத்தி, மரத்தை வெட்டி எண்ணிப் பார்க்கிறான். சொன்ன கணக்கு சரியாக இருக்கிறது. இது எப்படி என்று கேட்டால், "எனக்குச் சூதின் சூட்சுமம் தெரியும், எண்ணும் வித்தையும் தெரியும்" என்கிறான் அரசன். குதிரை ஓட்டும் வித்தையைக் கொடுத்து அந்த வித்தையை வாங்கிக்கொள்கிறான் நளன். பிறகு அதை வைத்தே இழந்த நாட்டை மீட்கிறான். அந்தக் காலத்தில் தான்றிக் காய்தான் சூதாட்டக் காயும். சூதுக்கும் எண்ணிக்கைக்கும் உள்ள உறவை இவ்வளவு பழைய காலத்திலேயே ஒருவர் கதையாகச் சொல்லியிருக்கிறார் என்பது எனக்கு இன்றும் வியப்புதான். ஆனால் அந்த வித்தை என்ன, அதைப் போடுவது எப்படி என்பது கதையில் இல்லை.

அதை எழுதி வைத்தவர்களில் முதல்வர் இத்தாலியில் இருந்த கார்டானோ. 1501-ல் பிறந்தவர்; மருத்துவர், கணித மேதை, கூடவே தீராத சூதாடி. பகடை ஆட்டங்களைப் பற்றி ஒரு சிறு நூலே எழுதினார். 1576-ல் அவர் இறந்து, 87 வருடம் கழித்து, 1663-ல்தான் அது அச்சேறியது. பகடையில் எத்தனை விதமாக எண்கள் விழலாம், அவற்றில் நமக்குச் சாதகமானவை எத்தனை என்று எண்ணிப் பார்க்கச் சொன்னவர் அவர். சூதில் மிகப் பெரிய லாபம் ஆடாமலேயே இருப்பதுதான் என்ற பொருளிலும் அதே நூலில் சொல்லியிருக்கிறார். பட்டவர் சொன்ன வார்த்தை.

அடுத்த கட்டம் பிரான்ஸில். 1654-ல் தெ மெரே என்பவர், பாஸ்கல் என்ற இளம் கணித மேதையிடம் சில சூதாட்டச் சந்தேகங்களைக் கேட்டார். பாஸ்கல் அதைப் பற்றி துலூஸ் நகரில் நீதித்துறைப் பதவியில் இருந்த ஃபெர்மாவுக்குக் கடிதம் எழுத, இருவருக்கும் இடையில் நடந்த கடிதப் போக்குவரத்தில்தான் நிகழ்தகவுக் கணிதம் பிறந்தது என்று சொல்வார்கள்.

அதில் ஒரு கேள்வி மிக எளிமையானது. இரண்டு பேர் ஆளுக்கு 32 காசு வைத்து ஆடுகிறார்கள். முதலில் மூன்று ஆட்டம் ஜெயிப்பவனுக்கு மொத்தம் 64 காசு. முதலாமவன் இரண்டு ஆட்டமும் மற்றவன் ஓர் ஆட்டமும் ஜெயித்திருக்கும்போது ஆட்டம் நின்றுவிட்டது. பணத்தை எப்படிப் பிரிப்பது? நாமாக இருந்தால், இரண்டுக்கு ஒன்று என்று பிரித்துவிடுவோம். பாஸ்கல் அப்படிச் செய்யவில்லை. அடுத்த ஆட்டத்தை யோசித்துப் பாருங்கள் என்றார். அதில் முதலாமவன் ஜெயித்தால் 64-ம் அவனுக்கு. தோற்றாலும் இருவரும் சமமாகிவிடுவார்கள். 32 காசு அவனுக்கு உண்டு. ஆகவே 32 எப்படியும் அவனுடையது. மீதி 32-ல்தான் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எனவே அவனுக்கு 48, மற்றவனுக்கு 16.

இதில் கணக்கைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பாஸ்கல் நடந்து முடிந்த ஆட்டங்களைப் பார்க்கவே இல்லை. இனி என்ன நடக்கக்கூடும் என்பதை மட்டும் பார்த்தார். "இதுவரை எவ்வளவு போட்டோம்" என்பது வேறு. "இங்கிருந்து என்ன வரும்" என்பது வேறு. இந்த ஒரு வித்தியாசம் புரிந்தால் வாழ்க்கையில் பாதி நஷ்டம் குறையும் என்பது என் அபிப்பிராயம்.

அதன் பிறகு வேகமாக வளர்ந்தது. 1657-ல் ஹாலந்து நாட்டு ஹைகன்ஸ் இந்தக் கணக்கை ஒரு நூலாக்கினார். 1693-ல் வால்நட்சத்திரப் புகழ் ஹாலி, பிரெஸ்லாவ் நகரத்தின் இறப்புக் குறிப்புகளை வைத்து எந்த வயதில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று அட்டவணை போட்டு, ஆயுள் வரை பணம் தரும் திட்டத்துக்கு என்ன விலை வைக்கலாம் என்று கணக்கிட்டுக் காட்டினார். 1713-ல் வெளியான ஜேக்கப் பெர்னூலியின் நூல், ஓரிரு தடவையில் எது வேண்டுமானாலும் நடக்கலாம், தடவைகள் பெருகப் பெருகத்தான் உண்மையான விகிதம் தலைகாட்டும் என்று நிரூபித்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் மேஜை மேல் இருந்த இறப்பு விகித அட்டவணை இந்த வம்சத்தில் வந்ததுதான்.

இனி போக்கருக்கு வருவோம். இது அமெரிக்காவில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் வளர்ந்த ஆட்டம். பிரெஞ்சுக்காரர்கள் அதிகம் வாழ்ந்த நியூ ஆர்லியன்ஸில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாகி, நீராவிப் படகுகளில் ஏறி ஊர் ஊராகப் பரவியது. ஜோ கோவெல் என்ற நாடக நடிகர் 1829-ல் தாம் பார்த்த ஆட்டத்தைப் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். அப்போது 20 சீட்டுதான். பிறகே 52 சீட்டு வந்தது. 1843-ல் ஜோனதன் கிரீன் என்ற முன்னாள் சூதாடி, படகுகளில் நடக்கும் ஏமாற்று வேலைகளை அம்பலப்படுத்தி ஒரு நூல் எழுதினார். ஆகவே இந்த ஆட்டத்தின் பிறப்புச் சான்றிதழில் கணக்கும் இருக்கிறது, களவும் இருக்கிறது.

இன்று அதிகம் ஆடப்படுவது டெக்சஸ் ஹோல்டம் என்ற வகை. ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துக் கொடுப்பார்கள். நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாக, முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று என்று திறப்பார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பணம் கட்டலாம், ஏற்றலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்து விலகலாம். நம் ரம்மியில் 'ஸ்கூட்' சொல்கிறோமே, அதுபோல.

புதிதாக ஆடுகிறவர்களுக்கு அனுபவசாலிகள் முதலில் சொல்லிக்கொடுப்பதே இந்த ஸ்கூட்தான். 52 சீட்டில் இரண்டு சீட்டு 1,326 விதமாக வரலாம். அதில் இரண்டும் ஏஸாக வருவது ஆறே விதம். 221 ஆட்டத்துக்கு ஒரு முறை. ஏதாவது ஒரு ஜோடி வருவதே 17 ஆட்டத்துக்கு ஒரு முறைதான். ஆக, பெரும்பாலான ஆட்டங்களில் கைக்கு வருவது குப்பைதான். குப்பையை வைத்துக்கொண்டு, "நடுவில் ஏதாவது விழும்" என்று உட்கார்ந்திருப்பவன்தான் புது ஆட்டக்காரன். விலகுவது தோல்வி என்று அவன் நினைக்கிறான். தேர்ந்தவனுக்கு அது செலவைக் குறைப்பது.

இரண்டாவது பாடம், விலைக்கும் வாய்ப்புக்கும் உள்ள பொருத்தம். ஓர் உதாரணம் சொல்கிறேன். உங்கள் கையில் இரண்டு ஆட்டின், நடுவில் திறந்த நான்கு சீட்டிலும் இரண்டு ஆட்டின். கடைசிச் சீட்டும் ஆட்டினாக விழுந்தால் ஐந்தும் ஒரே இனம்; ஆட்டம் உங்களுக்கு என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பார்த்தது ஆறு சீட்டு. பாக்கி 46. அதில் ஆட்டின் ஒன்பது. அதாவது 46-ல் 9 நல்லது, 37 கெட்டது.

நடுவில் 500 ரூபாய் இருக்கிறது. எதிராளி 100 ரூபாய் வைக்கிறான். நீங்களும் 100 கட்டலாமா? இதே நிலை 46 முறை வருவதாகக் கணக்கிடுங்கள். 9 முறை 600 ரூபாய் வரவு, ஆக 5,400. 37 முறை 100 ரூபாய் செலவு, ஆக 3,700. மிச்சம் 1,700. கட்டலாம். அவனே 100-க்குப் பதில் 500 வைத்தால்? 9 முறை 1,000 வரவு, 9,000. 37 முறை 500 செலவு, 18,500. கையிலிருந்து 9,500 போகும். விலக வேண்டும். சீட்டும் அதுவே, வாய்ப்பும் அதுவே. கேட்கிற விலைதான் மாறியது, முடிவும் தலைகீழானது. 'வருமா வராதா' என்று கேட்பவன் புதியவன். 'இந்த விலைக்குத் தகுமா' என்று கேட்பவன் ஆட்டம் தெரிந்தவன். காப்பீட்டுக்காரனும் இதே கேள்வியைத்தான் கேட்கிறான்.

மூன்றாவது, பாஸ்கல் சொன்னது. நடுவில் போட்ட பணம் உங்களுடையது அல்ல. "இவ்வளவு போட்டுவிட்டேனே, இப்போது எப்படி விலகுவது" என்று மேலும் கட்டுவதுதான் புதியவர்கள் அதிகம் இழக்கும் இடம்.

நான்காவதுதான் மிகக் கஷ்டமானது. கையில் இரண்டு ஏஸ் இருக்கிறது. எதிரே ஒருவன், கையில் ஏதோ இரண்டு சீட்டு. நூற்றுக்கு 85 முறை நீங்கள் ஜெயிப்பீர்கள். ஆனால் மீதி 15 முறை தோற்பீர்கள். அந்தப் பதினைந்தில் ஒன்று இன்று ராத்திரியே வரலாம். தோற்றதால் நீங்கள் ஆடியது தவறாகிவிடாது. அவன் குப்பையை வைத்து ஜெயித்ததால் அவன் ஆடியது சரியாகிவிடாது. முடிவு வேறு, விளைவு வேறு. நம் ஊரில் 'ஜெயித்தவன் சொன்னதெல்லாம் வேதம்' என்று ஆகிவிடுகிறது. போக்கர் மேஜையில் அப்படி நினைப்பவனுக்குச் சீக்கிரம் பை காலியாகும்.

இந்த ஆட்டத்தை ஒரு பெரிய கணித அறிஞரும் விட்டுவைக்கவில்லை. ஹங்கேரியில் பிறந்த ஜான் ஃபான் நாய்மன் 1928-ல் விளையாட்டுகளின் கோட்பாடு பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1944-ல் மார்கன்ஸ்டெர்ன் என்ற பொருளாதார அறிஞரோடு சேர்ந்து எழுதிய பெரிய நூலில் போக்கருக்கென்றே ஒரு பகுதி உண்டு. பொய்யாகப் பணம் ஏற்றி எதிராளியை மிரட்டுவது வெறும் துணிச்சல் அல்ல, அதற்கும் கணக்கு இருக்கிறது என்று அவர் காட்டினார். அவருடைய எளிமையான மாதிரி ஆட்டத்தில், மிக நல்ல சீட்டுக்கும் பணம் ஏற்ற வேண்டும், மிக மோசமான சீட்டுக்கும் சில சமயம் ஏற்ற வேண்டும், நடுத்தரச் சீட்டுக்குத்தான் சும்மா இருக்க வேண்டும். நல்ல சீட்டுக்கு மட்டும் ஏற்றுகிறவனை ஊரே படித்துவிடும். அவன் ஏற்றியதும் எல்லோரும் விலகிவிடுவார்கள்.

2017 ஜனவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய லிப்ராடஸ் என்ற கணினி நிரல், நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை ஒருவருக்கு ஒருவர் ஆட்டத்தில் வென்றது. அதில் நான் கவனித்தது வெற்றியை அல்ல. யார் திறமைசாலி என்று முடிவு செய்ய அவர்கள் ஆடியது 20 நாள், 1,20,000 ஆட்டம்! அதற்குக் குறைந்தால் அதிர்ஷ்டத்தையும் திறமையையும் பிரித்துப் பார்ப்பது கடினம் என்பதுதான் காரணம். பெர்னூலி சொன்ன அதே விஷயம். அப்படியிருக்க, ஒரு வாரம் ஆடி நாலு காசு பார்த்தவன் "எனக்குக் கை ராசி" என்று சொன்னால் என்ன அர்த்தம்?

இங்கேதான் நம் ஊர்க் கதை வருகிறது. 1967-ல் உச்ச நீதிமன்றம், செகந்திராபாத் கிளப் ஒன்றைப் பற்றிய வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்றது. விழுந்த சீட்டை நினைவில் வைக்க வேண்டும், எதை வைப்பது எதை எறிவது என்று யோசிக்க வேண்டும் என்பது காரணம். மூணு சீட்டு அப்படி அல்ல, அது முழுக்க அதிர்ஷ்டம் என்றும் பிரித்துச் சொன்னது. தீர்ப்பு வந்தது கிளப்பில் நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடிய காலத்தில். அரை நூற்றாண்டு கழித்து அதே வாதம் செல்போனுக்குள் ஏறியது.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர், மூன்று வருடம் முன்பு தன் மகனின் வங்கிக் கணக்கு விவரத்தை அச்செடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். நல்ல வேலையில் இருக்கும் பையன். செல்போனில் ரம்மி. முதல் பத்து நாளில் பதினோராயிரம் ரூபாய் வரவு. அதன் பிறகு எட்டு மாதத்தில் நாலரை லட்சம் போயிருந்தது. தாளில் பேனாவை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். தோற்ற நாட்களில் ராத்திரி பதினொன்று மணிக்கு மேல் கட்டிய தொகைதான் பெரிது. முதல் நாள் இழந்ததைப் போல இரண்டு பங்கு, மூன்று பங்கு. விட்டதைப் பிடிக்கிற ஆட்டம். பையன் முட்டாள் இல்லை. ஆட்டமும் அவனுக்குத் தெரியும். முதல் பத்து நாள் வந்த அதிர்ஷ்டத்தைத் திறமை என்று நினைத்தான். பிறகு வந்த நஷ்டத்தைக் கெட்ட நேரம் என்று நினைத்தான். நண்பர் ஊரில் இருந்த அரை ஏக்கரை விற்றுக் கடனை அடைத்தார். அன்று அவர் என் வீட்டில் காபி கூடக் குடிக்கவில்லை.

இன்னொன்றும் அந்தத் தாளில் தெரிந்தது. பணம் வைத்து ஆடும் மேஜையை நடத்துகிறவன் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறான். ஆறு பேர் ஆடினால், ஆறு பேரின் லாப நஷ்டத்தையும் கூட்டினால் பூஜ்யம் வராது, கழித்தல்தான் வரும். எல்லோரும் திறமைசாலிகளாகவே இருந்தாலும் அதுதான் கணக்கு. திறமை உள்ள ஆட்டம் என்பதும், ஆடுகிறவனுக்கு லாபம் தரும் ஆட்டம் என்பதும் ஒன்றல்ல.

தமிழ்நாட்டில் 2022-ல் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் நிறைவேறியது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டமாகப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையே தடை செய்தது. சட்டம் தன் வேலையைச் செய்யட்டும். மனசுக்குள் இருக்கும் மேஜையை எந்தச் சட்டமும் மூட முடியாது.

அந்தப் பையனுக்கு நான் எழுதிய பதில் இதுதான். ஓர் ஆட்டத்தில் அதிர்ஷ்டம். பல்லாயிரம் ஆட்டத்தில் கணக்கு. உன் கையில் அந்தப் பல்லாயிரத்துக்கு நேரமும் பணமும் இல்லை. புளியங்கொட்டை வைத்து ஆடு, கணக்கைக் கற்றுக்கொள், காசை வைக்காதே.

நம் வயதுக்காரர்களுக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். நாம் சீட்டைத் தொடாவிட்டாலும் ஆட்டத்தில் இருக்கிறோம். ஓய்வுபெற்ற பணத்தை எங்கே போடுவது, மாதம் மூன்று வட்டி தருகிறேன் என்பவனை நம்புவதா, மருத்துவர் சொல்லும் ஆபரேஷனுக்குச் சம்மதிப்பதா, பாதியில் நிற்கும் வீட்டுக்கு இன்னும் பணம் கொட்டுவதா, எல்லாம் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் எடுக்க வேண்டிய முடிவுகள்தான். மூன்று கேள்வி போதும். இங்கிருந்து என்ன வரும்? அதற்குக் கேட்கிற விலை தகுமா? போனால் தாங்குமா? மூன்றாவதற்குப் பதில் 'தாங்காது' என்றால் முதல் இரண்டைக் கேட்கவே வேண்டாம்.

யோசித்து எடுத்த முடிவு சில சமயம் கைவிட்டுவிடும். அப்போது வீட்டில் யாரும் யாரையும் குறை சொல்லாமல் இருக்க வேண்டும். எங்கள் துறையில் ஒருவர் இருபது வருடம் பிரீமியம் கட்டிவிட்டு, ஒன்றும் ஆகவில்லையே, பணம் வீண் என்பார். வீண் இல்லை ஐயா. மழை வரவில்லை என்பதற்காக, குடை எடுத்துப் போனவன் ஏமாந்தவன் ஆகிவிடுவானா?